ஸ்டேக்குன்னா ஸ்டைலு, மாட்டுக்கறின்னா தீட்டா?

போன சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு எங்க அபார்ட்மெண்ட்ல ஸ்மோக் அலாரம் அலறுச்சு. காரணம் அடியேன்தான். அடுப்புல இரும்புச் சட்டி, சட்டியில ஒண்ணேகால் இஞ்ச் கனத்துக்கு ஒரு ரிப்ஐ துண்டு, வீடு பூரா புகை. ஒரு கையில இடுக்கி, இன்னொரு கையில பீட்சா டப்பா. அந்த டப்பாவால அலாரத்துக்கு விசிறிக்கிட்டு இருந்தேன்.

ரூம்மேட் அண்ணன் உள்ளேர்ந்து ஓடி வந்தார். தீப்பிடிச்சிருச்சான்னு கேப்பார்னு நினைச்சேன். அவர் அலாரத்தைப் பார்க்கலை, சட்டியைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

"தம்பி, இது அதுதானே?"

"எதுண்ணா?"

"அதான்டா... பீஃப்."

"ஆமாண்ணா. ஸ்டேக்."

"தப்பா எடுத்துக்காதே. நீ என்ன வேணா சாப்பிடு, அது உன் பெர்சனல். ஆனா இந்தச் சட்டியை இனிமே தனியா வெச்சுக்கோ. தட்டு, கரண்டி எல்லாமே. கிச்சன் சிங்க்ல போட்டுக் கழுவாதே."

இதுல என்னடா இருக்கு, ஒரு வீட்டுல நாலு பேர் இருந்தா நாலு பழக்கம் இருக்கத்தானே செய்யும்னு நீங்க சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா அதுக்குச் சரியா ரெண்டு வாரம் முன்னாடி எங்க டீம் டின்னர் நடந்துச்சு. டாலஸ் பக்கம் ஒரு ஸ்டேக்ஹவுஸ். ரிலீஸ் முடிஞ்ச சந்தோஷத்துல மேனேஜர் கூட்டிட்டுப் போனார். இதே அண்ணன் எனக்கு எதிர் சீட்ல உக்காந்து, மெனுவைப் பார்க்காமலே "மீடியம் ரேர், ப்ளீஸ்"னு சொன்னார். தட்டு வந்ததும் நாலு ஆங்கிள்ல போட்டோ எடுத்தார். சாதத்துக்குக் கத்தி, முள்கரண்டி தேவைப்படாத வம்சத்துல பொறந்துட்டு எனக்கு எந்தக் கையில எதைப் பிடிக்கணும்னு கிளாஸ் வேற எடுத்தார்.

அங்க தின்னது எந்த மிருகத்தோட கறி? என் சட்டியில வெந்தது எந்த மிருகத்தோட கறி?

இந்தக் கேள்வியை அன்னிக்கு நான் கேக்கலை. "சரிண்ணா"ன்னு சொன்னேன். அலாரத்தை நிறுத்தினேன். ஆறிப்போன ஸ்டேக்கை ரூம்ல உக்காந்து தின்னுட்டு, அந்தச் சட்டியைத் தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல கழுவினேன். முட்டி போட்டு, குளிக்கிற தொட்டியில. கழுவும்போதுதான் உறைச்சுச்சு. அந்தக் கோவத்துலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல என் கதை கொஞ்சம். எங்க ஊர் ராணிப்பேட்டை பக்கம். எங்க வீட்ல மாட்டுக்கறிக்கு மாட்டுக்கறின்னு பேர் கிடையாது, "பெரிய கறி". ஞாயித்துக்கிழமை காலையில அப்பா சைக்கிள்ல போய் வாங்கிட்டு வருவார். ரெண்டு பிளாஸ்டிக் கவர், அதுக்கு மேல ஒரு துணிப்பை. அம்மா குக்கர் வெக்கிறதுக்கு முன்னாடி செய்யுற முதல் வேலை ஜன்னலைச் சாத்துறது. ரோட்டுப் பக்க ஜன்னல் மட்டும் இல்லை, பின்பக்க ஜன்னலும். மே மாச வெயில்லயும் சாத்துவாங்க. அந்தப் புழுக்கத்துல வேர்த்து ஊத்த ஊத்த மசாலா அரைப்பாங்க. "யாராச்சும் கேட்டா கறிக்கொழம்புன்னு சொல்லு, என்ன கறின்னு சொல்லாதே"ன்னு எனக்கு ஒண்ணாங்கிளாஸ்லயே டிரெயினிங் ஆயிருச்சு. எங்க ஆயா உப்புக்கண்டம் போடும். அதைக்கூட மொட்டை மாடியில காய வெக்காது. அடுப்புக்கு மேல கயிறு கட்டி, வீட்டுக்குள்ளயே தொங்கவிடும்.

ஸ்கூல்ல டிபன் பாக்ஸைத் திறந்தா பக்கத்துப் பையன் கேப்பான், "என்ன கறி?" "ஆட்டுக்கறி". பன்னெண்டு வருஷம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கேன். அவன் ஒரு துண்டு எடுத்துத் தின்னுட்டு "சூப்பர்டா"ன்னு சொல்லும்போது எனக்குத் தொண்டையில சோறு எறங்காது.

அமெரிக்கா வந்து முதல் தடவை ஸ்டேக் சாப்பிட்டப்ப அம்மாவுக்கு போன் பண்ணேன். "அம்மா, இன்னிக்கு ஸ்டேக் சாப்பிட்டேன்." "அப்படின்னா?" "பெரிய கறிம்மா. வெள்ளைக்காரன் ஸ்டைல்ல." அம்மா சட்டுன்னு குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிட்டு என் ஜன்னலைச் சாத்துறாங்க.

இப்ப புரியுதா? இந்த ஊர்ல எனக்குக் கிடைச்சது ஸ்டேக் மட்டும் இல்லை, ஸ்டேக்குங்கிற வார்த்தையும்தான். இங்கிலீஷ்ல பேர் வெச்சு, வெள்ளைத் துணி விரிச்ச டேபிள்ல வெச்சா அது அந்தஸ்து. அதையே நம்ம வீட்டு அடுப்புல ஏத்தினா அது எங்க ஆயாவோட கறி. நம்மாளுங்களுக்குப் பிரச்சினை மாட்டுல இல்லை, அடுப்புல இருக்கு. அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: சாப்பிடுறவங்க அதை வீட்ல சமைங்க. ஓட்டல்ல ஒளிஞ்சுக்கிட்டுத் தின்னாதீங்க.

இதைச் சொன்னா உடனே ஜாதியைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. எல்லாம் டெக்னிக்கல் காரணமா வரும். இஞ்சினியருங்க இல்லையா! சரி, டெக்னிக்கலாவே பேசுவோம். நானும் படிச்சது மெக்கானிக்கல், தட்டுறது ஜாவா. ஹீட் டிரான்ஸ்ஃபர்ல படிச்சதுக்கு வாழ்க்கையில முதல் தடவையா உபயோகம் வந்திருக்கு :-)

சாக்கு 1: "ஸ்டேக்கெல்லாம் வீட்ல செய்ய வராது, அதுக்கு செஃப் வேணும்."

தோசை சுடத் தெரியுமா? அப்ப ஸ்டேக் சுடத் தெரியும். இரும்புக்கல்லு நல்லா காயணும், தண்ணி தெளிச்சா உருண்டு ஓடணும், காயாத கல்லுல ஊத்தினா ஒட்டிக்கும். இந்த மூணும் தெரிஞ்சவனுக்குப் பாதி ஸ்டேக் வந்தாச்சு. இங்க கிடைக்கிற வார்ப்பிரும்புச் சட்டி நம்ம தோசைக்கல்லுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான். டென்னஸில 1896லேர்ந்து லாட்ஜ் கம்பெனிக்காரன் வார்க்கிறானே, அது ஒண்ணு இருந்தா போதும். பேரன் காலம் வரைக்கும் வரும்.

சாக்கு 2: "ஓட்டல்ல சூடான கல்லுல போட்டு சாறை உள்ள சீல் பண்ணிருவாங்க. வீட்ல வராது."

இது 1847ல ஜெர்மன் வேதியியல்காரர் லீபிக் கிளப்பிவிட்டது. சூட்டுல கறியோட வெளிப்பக்கம் இறுகி, சாறு வெளிய வராம அடைச்சிரும்னு சொன்னார். 1984ல ஹெரால்ட் மெக்கீ சமையல் அறிவியல் பத்தி எழுதின புத்தகத்துல அதைப் போட்டு உடைச்சுட்டார். எந்த சீலும் ஆகாது. நீங்களே யோசிங்க, சட்டியில "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் வருதே, அது என்ன? உள்ளேர்ந்து வர்ற தண்ணி ஆவியாகுற சத்தம். அடைச்சிருந்தா எப்படிச் சத்தம் வரும்? சூடா வறுக்கிறது ருசிக்காக. 1912ல பிரெஞ்சுக்காரர் மயார் எழுதிவெச்ச வினை அது. புரதமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து பழுப்பு நிறமும் வாசனையும் தரும். தோசை ஓரம் முறுகுறதும், காப்பிக்கொட்டை வறுபடுறதும் இதே கதைதான். ஸ்டேக்கை ஒரே ஒரு தடவைதான் திருப்பணும்னு சொல்றதும் இதே மாதிரி கட்டுக்கதை. நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பினா சீக்கிரமும் வேகும், ஒரே சீராவும் வேகும்.

சாக்கு 3: "தட்டுல ரத்தமா ஓடுது, வீட்ல பார்க்க முடியாது."

அது ரத்தம் இல்லை. ரத்தம் வெட்டுற எடத்துலயே வடிஞ்சிருது. சிவப்பா வர்றது தண்ணியும், அதுல கரைஞ்ச மையோகுளோபினும். தசைக்குள்ள ஆக்சிஜனைப் பிடிச்சு வெக்கிற புரதம். கோழி நெஞ்சுக்கறியில அது கம்மி, அதனால வெளுப்பு. மாட்டுல அதிகம், அதனால சிவப்பு. இன்னொண்ணு, இந்த சாக்கைச் சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க? ஊருக்குப் போனா ஆட்டு ரத்தப் பொரியலை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னுற ஆளு. ரத்தத்துக்கே வெங்காயம் போட்டுத் தாளிக்கிற பரம்பரை, மையோகுளோபினைப் பார்த்து மயக்கம் போடுதாம். அட போங்கப்பா.

சாக்கு 4: "வீடெல்லாம் நாறும்."

புகை வரும், ஒத்துக்கிறேன். அலாரம் அடிச்சதைத்தான் மேலயே சொல்லிட்டேனே. ஆனா இதே கிச்சன்ல அண்ணன் ஊர்லேர்ந்து வந்த நெத்திலிக் கருவாட்டை வறுத்தப்ப, எதிர்வீட்டு மெக்சிகோ அம்மா கதவைத் தட்டி "ஏதாச்சும் செத்துருச்சா"ன்னு கேட்டாங்க. அந்த வாணலி இன்னிக்கும் பொது வாணலிதான். அதைத் தனியா வைன்னு யாரும் சொல்லலை. சொல்லவும் கூடாது, கருவாடு அப்படி ஒரு அமிர்தம்.

சாக்கு 5: "செலவு ஜாஸ்தி."

நான் வாங்கின துண்டு இருபது டாலருக்குள்ள. அன்னிக்கு டின்னர்ல அதே சைஸுக்கு ஐம்பது டாலருக்கு மேல பில், வரி தனி, டிப்ஸ் தனி. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

சாக்கு 6: "இதெல்லாம் நம்ம ஊர்ப் பழக்கமே கிடையாது."

இதுக்குப் பதில் சொல்ல அகநானூறு வரைக்கும் போற ஆளுங்க இருக்காங்க. பாலைத் திணைப் பாட்டுல மறவர் ஆவைக் கொன்னு தின்னாங்கன்னு எடுத்துப் போடலாம். நான் போகலை. எங்க ஆயா அகநானூறு படிச்சுட்டுச் சாப்பிடலை. பசிச்சுச்சு, வாங்குற விலையில சத்தா கிடைச்சுச்சு, சாப்பிட்டுச்சு. அது நம்ம ஊர்ப் பழக்கம் இல்லைன்னா, எங்க ஆயா எந்த ஊரு?

ஸ்டேக்குங்கிற முறை நம்மகிட்ட இல்லாததுக்குக் காரணம் வேற. நம்ம ஊர்ல கறிக்கடைக்கு வர்றது பெரும்பாலும் உழுது, இழுத்து, பால் கறந்து ஓய்ஞ்ச வயசான மாடு, இல்லை எருமை. உழைச்ச தசையில கொலாஜன் ஜாஸ்தி. அதை நிதானமா, ஈரத்துல, ரொம்ப நேரம் வேகவெச்சாத்தான் கரைஞ்சு ஜெலட்டின் ஆகும். அதான் குக்கர், அதான் ஏழெட்டு விசில், அதான் சுக்கா. இங்க அறுக்கிறது பெரும்பாலும் ரெண்டு வருஷம்கூட தாண்டாத இளங்காளை. அதுலயும் ஸ்டேக்குக்கு எடுக்கிறது விலா, முதுகுன்னு வேலையே செய்யாத தசை. அதனால எட்டு நிமிஷத்துல வேகுது. எங்க அம்மா பண்ணது அந்தக் கறிக்குச் சரியான இஞ்சினியரிங், வெள்ளைக்காரன் பண்றது இந்தக் கறிக்குச் சரியான இஞ்சினியரிங். ஒண்ணு ஒசத்தி, இன்னொண்ணு மட்டம்னு கிடையாது. சென்னை, பெங்களூருல இருக்கிறவங்க கடையில "அண்டர்கட்"னு கேளுங்க. முதுகெலும்புக்கு உள்பக்கம் இருக்கிற அந்த ஒரு துண்டு மட்டும் நம்ம ஊர் மாட்டுலயும் ஸ்டேக்குக்குத் தேறும்.

சரி, சாக்கு முடிஞ்சது. இப்ப செய்முறை. வேலை முடிஞ்சு வந்த வார நாள்ல, உப்பு ஊற நேரம் போக, இருபது நிமிஷத்துல முடியுற சமையல்.

ரிப்ஐ இல்லைன்னா ஸ்ட்ரிப். குறைஞ்சது ஒரு இஞ்ச் கனம். மெலிசா வாங்கினா வெளிய சிவக்கிறதுக்குள்ள உள்ள வெந்து தோலாயிரும். அமெரிக்க விவசாயத் துறை தரம் பிரிக்குது: பிரைம், சாய்ஸ், செலக்ட். சாய்ஸ் போதும். உள்ள வெள்ளையா கொழுப்பு நூல் நூலா ஓடுதான்னு பாருங்க.

உப்பு: ஒண்ணு, சமைக்கிறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போடுங்க. இல்லை, சட்டியில போடுற நொடியில போடுங்க. நடுவுல போடாதீங்க. உப்பு மொதல்ல தண்ணியை வெளிய இழுக்கும், பத்து நிமிஷத்துல மேலெல்லாம் முத்து முத்தா நிக்கும். விட்டுவெச்சா அந்தத் தண்ணியிலயே உப்பு கரைஞ்சு, திரும்ப உள்ள போகும். ஆயா உப்புக்கண்டத்துக்குப் பண்றதோட முதல் பாதிதான் இது.

துடைங்க. இதைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. பேப்பர் டவலால ஒத்தி ஒத்தி, சொட்டு ஈரம் இல்லாம துடைங்க. ஏன்னா, ஒரு கிலோ தண்ணியை 0லேர்ந்து 100 டிகிரிக்கு ஏத்த 418 கிலோஜூல் போதும். அதே தண்ணியை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேணும். அஞ்சு மடங்குக்கு மேல! மேல ஈரம் இருந்தா சட்டியோட சூடெல்லாம் அதை விரட்டுறதுலயே போயிரும். ஈரம் இருக்கிற வரைக்கும் மேல்பக்கம் 100ஐத் தாண்டாது. கறி பழுக்காது, அவியும். பழுப்பு வேகமா ஏற 140 டிகிரி செல்சியஸுக்கு மேல வேணும்.

சட்டியை அஞ்சு நிமிஷம் காய விடுங்க. எண்ணெய்க்கு நம்ம ரீஃபைண்ட் கடலை எண்ணெயே ராஜா, 230 டிகிரி வரைக்கும் தாங்கும். செக்கு எண்ணெய் வேணாம், சீக்கிரம் புகையும். வெண்ணெயும் இப்ப வேணாம், கருகிரும். எண்ணெய் லேசாப் புகைய ஆரம்பிச்சதும் கறியை உங்களுக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சுப் போடுங்க. நிமிஷத்துக்கு ஒரு திருப்பு. ஓரத்துல இருக்கிற கொழுப்பை இடுக்கியால செங்குத்தா நிப்பாட்டி ஒரு நிமிஷம் உருக்குங்க. ஆறாவது நிமிஷம் தீயைக் குறைச்சு ஒரு கட்டி வெண்ணெய், நசுக்கின பூண்டு நாலு பல்லு. சட்டியைச் சாய்ச்சு, உருகினதை ஸ்பூனால மேல ஊத்திக்கிட்டே இருங்க. மிளகு கடைசியில, அப்பதான் கருகாது. ஊர்லேர்ந்து கொண்டுவந்த மிளகை இடிச்சுப் போட்டா ஸ்டேக்ஹவுஸ்காரன் பிச்சை வாங்கணும்.

வெந்துச்சான்னு விரலால அழுத்திப் பார்க்கிற வித்தையெல்லாம் வேணாம். பதினஞ்சு டாலருக்குத் தெர்மாமீட்டர் கிடைக்குது, நடுவுல குத்திப் பாருங்க. மீடியம் ரேருக்கு 125 ஃபாரன்ஹீட்ல எடுத்துடுங்க, வெளிய வெச்சதும் 130ஐத் தொடும். அமெரிக்க விவசாயத் துறை சொல்ற பாதுகாப்பு அளவு 145, அப்புறம் மூணு நிமிஷம் ஆற விடணும். வயசானவங்க, குழந்தைங்க, கர்ப்பிணிங்க அந்த 145க்கே போங்க. முழுத்துண்டுல கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும், சட்டிச் சூடு கொன்னுரும். கைமா அப்படி இல்லை, 160 வேணும். ஊசியால குத்தி மென்மையாக்கின கறியும் அப்படித்தான், மேல இருந்தது உள்ள போயிருக்கும். 2016லேர்ந்து அமெரிக்காவுல அதை லேபிள்ல போட்டாகணும். படிச்சுட்டு வாங்குங்க, அந்த மாதிரித் துண்டை 145 வரைக்கும் விடுங்க.

அஞ்சு நிமிஷம் ஆறட்டும். அதுக்குள்ள மைக்ரோவேவ்ல பாதி வெந்த உருளைக்கிழங்கை அதே சட்டிக் கொழுப்புல பிரட்டி எடுத்தா சைட் டிஷ் ரெடி. கறியை நரம்போட்டத்துக்குக் குறுக்கா நறுக்குங்க. அவ்வளவுதான். கம்பசூத்திரம் ஒண்ணும் இல்லை.

இப்ப சட்டிக்கு வரேன். "தனியா வெச்சுக்கோ" கதைக்கு.

எங்க வீட்ல மூணாவதா ஒரு ரூம்மேட் இருக்கான். சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. வந்த முதல் நாளே தனக்குன்னு ஒரு குக்கர், ஒரு வாணலி, ரெண்டு தட்டு வாங்கி அவன் அலமாரியில வெச்சுக்கிட்டான். "நீங்க என்ன வேணா சமைங்க மச்சி, என் பாத்திரத்துல மட்டும் வேணாம்"னான். அவன்மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கோழிக்கும் மாட்டுக்கும் அவன்கிட்ட ஒரே ரூல்தான். அடுத்தவன் சட்டியை வெளிய தூக்கிப் போடச் சொல்லலை, தன் சட்டியை வெச்சுக்கிட்டான். மிருகவதைக்காக விட்டவங்க, சூழலுக்காக விட்டவங்க, டாக்டர் சொல்லி விட்டவங்க, சாமிக்காக விட்டவங்க, எல்லாருக்கும் என் வணக்கம். சிவப்புக் கறியைப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியதுன்னு உலக சுகாதார அமைப்போட ஆய்வுப் பிரிவு 2015ல பட்டியல்ல சேர்த்துச்சு. நானே மாசத்துக்கு ரெண்டு தடவைதான். எல்லாரும் தின்னே ஆகணும்னு நான் சொல்லலை.

என் சண்டை தின்னுறவங்களோட. வெளிய தின்னுட்டு வீட்ல மூக்கைப் பொத்துறவங்களோட. அந்தச் சட்டி 230 டிகிரிக்குப் போயிட்டு வந்த இரும்பு. அப்புறம் சோப்பு, வெந்நீர், திரும்ப அடுப்புல வெச்சுக் காய்ச்சல், மேல எண்ணெய்ப் பூச்சு. அதுல எந்தக் கிருமியும் பிழைக்காது. அத்தனையும் தாண்டிப் பிழைச்சு நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அது பேரு ஜாதி. டீக்கடையில தனி கிளாஸ் வெச்சாங்கன்னு படிச்சா நம்ம எல்லாருக்கும் ரத்தம் கொதிக்கும், பேச்சுப் போட்டியில பரிசெல்லாம் வாங்குவோம். தனிச்சட்டின்னா மட்டும் "பெர்சனல் ப்ரிஃபரன்ஸ்" ஆயிருமா?

2017 மே மாசம் மத்திய அரசு கால்நடைச் சந்தைக்கு விதிகள் கொண்டுவந்துச்சு, இறைச்சிக்காக சந்தையில மாடு விக்கக்கூடாதுன்னு. அந்த மாசக் கடைசியிலயே மதுரை ஹைகோர்ட் கிளை இடைக்காலத் தடை போட்டுச்சு. நான் அப்ப காலேஜ். எங்க செட்டுல பாதிப்பேர் "என் தட்டு, என் உரிமை"ன்னு ஸ்டேட்டஸ் போட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அதுல எத்தனை பேர் வீட்டு அடுப்புல அது ஏறுச்சு? கோர்ட்டு கதவைத் தட்டி வாங்குற உரிமை கிச்சன் கதவுக்கு வெளியவே நின்னா என்ன பிரயோஜனம்? எங்க ஊர்ப் பக்கம், ராணிப்பேட்டையிலயும் ஆம்பூர்லயும் பதப்படுத்துற தோல்ல ஷூ தைச்சு ஆபீசுக்குப் போட்டுட்டுப் போவோம், பெல்ட்டா இடுப்புல கட்டுவோம், அதுக்கெல்லாம் தீட்டு கிடையாது. அதே மாட்டோட கறியைத் தட்டுல வெச்சவன் மட்டும் ஜன்னலைச் சாத்தணும்.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணன்கிட்டப் பேசினேன். சண்டையெல்லாம் போடலை. "அண்ணா, சட்டி கிச்சன்லதான் இருக்கும். சிங்க்லதான் கழுவுவேன். நல்லா கழுவுவேன். உங்களுக்கு ஒப்பலைன்னா, நீங்க தனியா ஒண்ணு வாங்கிக்கோங்க, அவன் வாங்கினான் இல்லையா, அதே மாதிரி. ஆனா அன்னிக்கு டின்னர்ல நீங்க தின்னதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு மட்டும் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்"னு சொன்னேன்.

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அது வெளிய தம்பி. இது வீடு"ன்னார்.

அவ்வளவுதான் அவர்கிட்ட இருந்த பதில். இதை எழுதுற வரைக்கும் என்கூட சரியாப் பேசலை. கெட்ட மனுஷன் இல்லை. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ரசம் வெச்சுக் குடுத்த கை அது. அதான் எனக்கு இன்னும் வலிக்குது.

"இது வீடு." எனக்கும் இது வீடுதான்ணா. வாடகையில மூணுல ஒரு பங்கு நானும் குடுக்கிறேன்.

அதனால மக்களே, சாப்பிடுற பழக்கம் இருக்கிறவங்க இந்த வாரம் ஒரு நாள் வீட்ல செஞ்சு பாருங்க. சொந்த அடுப்புல, சொந்தச் சட்டியில. யாராச்சும் என்னன்னு கேட்டா ஸ்டேக்குன்னு சொல்லாதீங்க, மாட்டுக்கறின்னு சொல்லுங்க. புகை நிறைய வரும், மறக்காம எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சுக்கோங்க. நேத்து நான் அப்படித்தான் செஞ்சேன். அலாரம் அடிக்கலை. அடுப்பு எரியும்போதே வீடியோ கால்ல அம்மாகிட்டச் சட்டியைக் காட்டினேன். மொதல்ல பார்த்தது சட்டியை இல்லை, "ஜன்னல் தொறந்திருக்கேடா"ன்னாங்க.

"ஆமாம்மா. தொறந்துதான் இருக்கு"ன்னேன்.

பி.கு: வார்ப்பிரும்புச் சட்டியை சோப்பு போட்டுக் கழுவக்கூடாதுன்னு சிலர் பயமுறுத்துவாங்க. இப்ப வர்ற பாத்திர சோப்புல ஒண்ணும் ஆகாது. ஊறவெக்க மட்டும் செய்யாதீங்க. கழுவின கையோட அடுப்புல வெச்சு ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவிடுங்க. தோசைக்கல்லுக்கு அம்மா செய்வாங்களே, அதேதான்.